நிரல் பொது, சின்னம் யாருக்கு உரியது?
திறமூலப் பணிகளின் சின்னங்களும் உரிமங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஈப்போ நகருக்கு வடகிழக்கே, கிந்தா மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். இரயில் பாதையும் ஈயமும் ரப்பரும் வளர்த்தெடுத்த பேராக் ஊர்களுள் அதுவும் ஒன்று. 1911ஆம் ஆண்டில் அங்கு மத்திய மனநல மருத்துவமனை திறக்கப்பெற்றது. பிற்காலத்தில் அது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. 'பஹாகியா' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர்ப்பலகை மாறிய பின்னரும் ஊரின் பெயரே மனநோயைக் கேலியாகச் சுட்டும் சொல்லாக நாடெங்கும் நெடுங்காலம் வழங்கி வந்தது. நோயுற்றோருக்கும் அவ்வூராருக்கும் இவ்வழக்கு தேடித்தந்த சிறுமை கொஞ்சமன்று. ஒரு பெயரை எழுதுவோர் ஒருவராகவும் அதற்குப் பொருள் தருவோர் வேறொருவராகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இவ்வூரே சான்றாக அமைகிறது.

பெயருக்குப் பொருந்தும் இவ்வுண்மை சின்னத்திற்கும் பொருந்தும். ஒரு சின்னம் யாருடையது? அதை வரைந்தவருடையதா, தாங்கி நிற்கும் நிறுவனத்தினுடையதா, அதன் பின்னால் உழைத்தவர்களுடையதா, அதை நம்புகின்றவர்களுடையதா? வணிக நிறுவனங்களைப் பொறுத்தவரை இவ்வினாவிற்குச் சட்டம் எளிதில் விடை கூறிவிடும். ஆனால் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற கொள்கையில் எழுந்த திறமூல மென்பொருட் பணிகளில் இவ்வினா எளிதில் தீரவில்லை. நிரலைப் பொதுவாக்கிய அப்பணிகள் தம் சின்னத்தைப் பொதுவாக்கப் பத்தாண்டுக்கும் மேல் தயங்கின. அத்தயக்கத்தின் காரணத்தையும் அது தீர்ந்த வழியையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். தமிழ்க் கணிமைப் பணிகளில் ஈடுபடுவோர்க்கு இவ்வரலாறு தரும் படிப்பினை யாது என்பதையும் இறுதியில் காண்போம்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் முத்திரைகள்

கணினிக்கு நெடுங்காலம் முன்னரே, பொருளும் முத்திரையும் வெவ்வேறு என்பதைக் கிந்தாப் பள்ளத்தாக்கு அறிந்திருந்தது. இங்குள்ள ஈய லம்பங்களில் கிடைத்த தாது, பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் இயங்கிய உருக்காலைகளுக்குச் சென்றது. தாதுவாக இருந்தவரை அதற்குப் பெயரில்லை. உருக்கி வார்த்த கட்டியின்மீது உருக்காலையின் முத்திரை பதிந்த பின்னரே அது உலகச் சந்தையில் மதிப்புப் பெற்றது. 1887ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் நிறுவனத்தின் ஈயக்கட்டிகளும் அவை போன்றனவும் 'ஸ்ட்ரெயிட்ஸ் ஈயம்' என்ற பெயரில் தூய்மைக்கு அளவுகோலாகக் கருதப்பட்டன. வாங்குபவர் ஒவ்வொரு கட்டியையும் சோதித்துப் பார்ப்பதில்லை, முத்திரையையே நம்பினார்.

ரப்பரின் கதையும் இத்தகையதே. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளிலிருந்து பேராக்கில் ரப்பரின் வரலாறு தொடங்குகிறது. புகையிட்டு உலர்த்திய ரப்பர்த் தாள்களைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்த காலம் நெடிது. 1965ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் அறிமுகமானபோது நிலைமை மாறியது. அழுக்கு, சாம்பல், எளிதில் ஆவியாகும் பொருள் முதலியவற்றின் அளவை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, வரையறுத்த தரத்தை எட்டிய கட்டி ரப்பருக்கே அம்முத்திரை வழங்கப்பட்டது. முத்திரையைப் பயன்படுத்த ஆலை பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ரப்பரை எவரும் விளைவிக்கலாம். ஆனால் அம்முத்திரையை எவரும் பொறிக்க இயலாது. பொருள் பலருடையதாகவும் முத்திரை காவலுக்கு உட்பட்டதாகவும் இருந்த ஏற்பாடு இது.

இவ்விரண்டினும் தமிழர்க்கு நெருக்கமானது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் 'விலாசம்' ஆகும். ஈப்போ உள்ளிட்ட மலாயா நகரங்களில் வட்டித்தொழில் நடத்திய அவர்களுடைய கடைகள், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த விலாசத்தால் அறியப்பட்டன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார்; மலாயாக் கடையை நடத்துபவர் அவருடைய முகவர். பொதுவாக மூன்றாண்டுக் கணக்கிற்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு வரும் அம்முகவர், முதலாளியின் விலாசத்திலேயே கொடுக்கல் வாங்கல் செய்தார். கணக்கு முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். விலாசமோ கடையிலேயே நிற்கும். இன்றைய சொல்லில் கூறின், அது காலவரையறையுடன் வழங்கப்பட்ட உரிமம் எனலாம். எவருடைய விலாசத்தை எவர், எதுவரை, எவ்வெல்லைக்குள் பயன்படுத்தலாம் என்பது எழுத்தில் இருந்தமையால்தான் கடல்கடந்த அவ்வணிகம் நம்பிக்கையோடு நடந்தது.

இம்மூன்று முத்திரைகளிலும் பொதுவான ஒரு குறை உண்டு. லம்பத்தில் மண் சுமந்தவர் பெயரோ, விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் வெட்டியவர் பெயரோ அவற்றில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாறியபோதும், முத்திரையின் மதிப்பில் தொழிலாளர்க்குப் பங்கு கேட்க வழியில்லை. உழைப்பு கூலியோடு முடிந்தது. பெயர் உடைமையாளரிடம் நின்றது. கூலியே இல்லாமல் பலர் கூடி உழைக்கும் திறமூலப் பணிகளைப் பற்றிப் பேசும்போது இக்குறையை நாம் மறத்தலாகாது.

கட்டற்ற மென்பொருளும் கட்டுண்ட பெயரும்

1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் வெளிவந்த குனூ பொது உரிமம், பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு நிரலைப் பொதுவாக்கியது. நிரலைப் பெற்றவர் அதைத் திருத்தலாம், பகிரலாம். ஆனால் பகிரும்போது அடுத்தவர்க்கும் அதே உரிமையை அளித்தல் வேண்டும். இவ்வுரிமம் நிரலைப் பற்றியே பேசிற்று. பணியின் பெயரையும் சின்னத்தையும் பற்றி அன்று பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வாறு எண்ணாமையின் விளைவு லினக்சில் முதலில் தெரிந்தது. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சின் நிரல் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கதாக இருந்தது. ஆனால் 'லினக்ஸ்' என்ற பெயரை அமெரிக்காவில் அப்பணியோடு தொடர்பில்லாத ஒருவர் 1990களின் நடுவில் தம் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டார். வழக்காடிய பின்னர் 1997இல் ஏற்பட்ட உடன்பாட்டினால் அப்பெயர் டோர்வால்ட்சுக்கு மாற்றித் தரப்பட்டது. காவலின்றி விட்ட பெயரைப் பிறர் கவர்ந்துகொள்ளக்கூடும் என்னும் அச்சம் திறமூல உலகில் வேரூன்ற இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று.

சின்னத்தின் நிலை வேறாக இருந்தது. 1996இல் லேரி யூயிங் என்பவர் ஜிம்ப் என்னும் கட்டற்ற ஓவிய மென்பொருளைக் கொண்டு 'டக்ஸ்' என்ற பென்குவின் பறவையை வரைந்தார். கேட்போர்க்குத் தம்மையும் ஜிம்ப் மென்பொருளையும் குறிப்பிட்டால் போதும், எவரும் அப்படத்தைப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என அவர் இசைவளித்தார். அவ்வொரு வரி இசைவே டக்சை உலகெங்கும் கொண்டு சென்றது. தொப்பி அணிந்தும் உடை மாற்றியும் எத்தனையோ வடிவங்களில் அப்பறவை வரையப்பட்டது. ஆக, லினக்சில் பெயர் காவலுக்கு உட்பட்டது, படம் கட்டற்றது. திட்டமிட்டு அமைத்ததன்று எனினும், பிற்காலப் பணிகள் சுற்றி வளைத்து வந்தடைந்த தீர்வு இதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

'திறமூலம்' என்ற தொடருக்கே இச்சிக்கல் நேர்ந்தது. 1998இல் நிறுவப்பட்ட திறமூல முனைப்பகம் அதற்குரிய ஆங்கிலத் தொடரை வணிகக்குறியாகப் பதிவு செய்ய விரும்பியது. அத்தொடர் பொருளின் இயல்பையே விளக்குவதாக இருந்தமையால் அம்முயற்சி கைகூடவில்லை. விளக்கச் சொல் எல்லார்க்கும் உரியது. அதை ஒருவர் தமக்கென வேலியிட்டுக்கொள்ளச் சட்டம் எளிதில் இடந்தராது.

டெபியனின் சுழல்

தன் கொள்கைக்குத் தன் சின்னமே மாறாக அமைந்த முரண்பாட்டை டெபியன் திட்டத்தில் காணலாம். 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய இத்திட்டம், 1997இல் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கட்டற்ற மென்பொருள் எனப்படுவது யாது என வரையறுக்கும் வழிகாட்டு நெறிகள் அதன் பகுதியாக அமைந்தன. அந்நெறிகளுக்குப் பொருந்தாத உரிமம் கொண்ட எதுவும் டெபியனின் முதன்மைத் தொகுப்பில் இடம்பெறாது.

1999இல் டெபியன் தனக்குச் சின்னம் தேடியபோது ரவுல் சில்வா வரைந்த சிவப்புச் சுழல் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு வடிவங்கள் வகுக்கப்பட்டன. குப்பியிலிருந்து சுழல் எழும் வடிவம் திட்டத்தின் அலுவல் பயன்பாட்டிற்கு மட்டும் உரியது. சுழல் மட்டும் உள்ள வடிவம் டெபியனைக் குறிப்பிட விரும்பும் எவர்க்கும் உரியது. இப்பாகுபாடு அறிவுடையது எனினும், இரண்டாம் வடிவத்தின் உரிமமும் டெபியனின் சொந்த நெறிகளுக்கு முழுதும் பொருந்தவில்லை. டெபியனைக் குறிப்பதற்கே அதைப் பயன்படுத்தலாம் என்னும் வரம்பு அதில் இருந்தது. பயன்பாட்டின் நோக்கத்தை வரம்பிடும் உரிமம் கட்டற்றதன்று என்பது டெபியனே வகுத்த நெறியாகும். பிறர் மென்பொருளை இந்நெறியால் அளந்து விலக்கிய திட்டம், தன் சின்னத்தை அதே கோலால் அளந்தபோது தேறவில்லை.

இம்முரண்பாட்டின் வேர், இரு சட்டங்களை ஒன்றெனக் கொண்ட குழப்பத்தில் இருந்தது. போலிகளைத் தடுக்கும் வேலை வணிகக்குறிச் சட்டத்தினுடையது. அவ்வேலையைப் பதிப்புரிமை உரிமத்தின் தலையில் சுமத்தியபோது, படத்தை வரைவதும் திருத்துவதும் வேண்டாத கட்டுக்குள் வந்தன. 2012ஆம் ஆண்டில் இம்முடிச்சு அவிழ்க்கப்பட்டது. சுழற்சின்னம் குனூ சிறுபொது உரிமத்தின் கீழோ, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு - அதேபகிர்வு 3.0 உரிமத்தின் கீழோ, பெறுபவர் விருப்பப்படி வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பெயரையும் சின்னத்தையும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை விளக்கும் வணிகக்குறிக் கொள்கை தனியே வெளிவந்தது. வரைபடம் பொதுவாயிற்று; 'இது டெபியன்' என்று சொல்லும் உரிமை மட்டும் காவலில் நின்றது.

நெருப்பு நரியும் பனி மரநாயும்

டெபியனுக்கும் மொசில்லாவுக்கும் இடையே எழுந்த பூசல் இதே வினாவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மொசில்லாவின் உலாவி 2002இல் ஃபீனிக்ஸ் என்ற பெயருடன் வெளிவந்தது. வணிகக்குறிச் சிக்கலால் ஃபயர்பேர்டு ஆயிற்று. அப்பெயரில் ஏற்கெனவே ஒரு திறமூலத் தரவுத்தளப் பணி இருந்தமையால் எதிர்ப்பு எழவே, 2004இல் ஃபயர்பாக்ஸ் எனப் பெயர் பெற்றது. பெயரால் இருமுறை இடறிய மொசில்லா, மூன்றாம் பெயரைக் கண்ணிமைபோல் காத்ததில் வியப்பில்லை.

ஃபயர்பாக்சின் நிரல் கட்டற்றது. நரி உலகைச் சுற்றியிருக்கும் சின்னமோ அன்று கட்டற்ற உரிமத்தில் இல்லை. எனவே டெபியன் நிரலையும் பெயரையும் எடுத்துக்கொண்டு சின்னத்தை நீக்கியது. 2006இல் மொசில்லா இதனை ஏற்க மறுத்தது. பெயரைப் பயன்படுத்துவோர் சின்னத்தையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். நிரலில் செய்யும் திருத்தங்களுக்கும் தன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமே செய்துவந்த டெபியன் தன்னார்வலர்கள் அந்நிபந்தனைக்கு உடன்பட இயலவில்லை. விளைவாக 2007இல் வெளிவந்த டெபியன் நான்காம் பதிப்பில் அதே உலாவி 'ஐஸ்வீசல்' என்ற பெயருடன் இடம்பெற்றது. நெருப்பு நரிக்கு எதிராகப் பனி மரநாய்! நகைச்சுவையாகத் தோன்றினும் இப்பெயர்மாற்றம் ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. 2016இல் இரு தரப்பும் உடன்பட, ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது.

இப்பூசலில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து. தன் பெயர் தாங்கிய உலாவியில் எவரோ செய்த பிழைக்குத் தான் பழி சுமக்க நேரும் என்று மொசில்லா அஞ்சியது. தரச்சோதனையில் தேறாத ரப்பர்க் கட்டிக்கு முத்திரை மறுக்கப்பட்டதும் இவ்வச்சத்தாலேயே. திருத்தும் உரிமையை நிரலில் கொடுத்துவிட்டுப் பெயரின் வழியாகத் திரும்பப் பெறுவது முறையா என டெபியன் வினவியது. அவ்வினாவும் புறந்தள்ளத்தக்கதன்று. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவு செய்யும் உரிமம் எழுதப்படாதவரை பூசல் தீரவில்லை.

விக்கிப்பீடியா: திருத்த முடியாத எழுத்து

மென்பொருளுக்கு வெளியே, இதே கொள்கையில் எழுந்த பெரும்பணி விக்கிப்பீடியா. 2001இல் தொடங்கிய அதன் தமிழ்ப் பதிப்பு 2003இல் தோன்றியது. 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்ற தொடரைத் தன் பெயரோடு தாங்கி நிற்கும் தமிழ் விக்கிப்பீடியாவின் முகப்பில் நாம் காணும் கோளச் சின்னம், அதே 2003ஆம் ஆண்டில் நடந்த போட்டியொன்றில் உருவானது. பால் ஸ்டான்சிஃபர் என்ற இளைஞர், பல மொழிச் சொற்கள் பொறித்த வண்ணப் புதிர்க்கோளத்தை வரைந்தார். டேவிட் ஃபிரிட்லாண்டு அதை மறுவடிவமைத்து, வண்ணம் நீக்கி, துண்டுக்கு ஓர் எழுத்தாக அமைத்தார். மேல்பகுதியில் சில துண்டுகள் இல்லாத அக்கோளம், அறிவு என்றும் முற்றுப்பெறாதது என்பதைக் குறிப்பால் உணர்த்தியது.

ஆனால் அதில் பிழைகள் இருந்தன. 'வி' என்னும் ஒலிக்குரிய தேவநாகரி எழுத்தில் இகரக்குறி மெய்யெழுத்துக்கு இடப்புறம் அமைதல் வேண்டும். சின்னத்தில் அது இடம் மாறி நின்றது. சப்பானிய எழுத்தும் தவறாக இருந்தது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்த தமிழ்ச் சொற்களைப் பழைய கணினித் திரைகளில் கண்டு வருந்தியவர்க்கு இப்பிழையின் இயல்பு நன்கு விளங்கும். நம் எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர், அவற்றைப் படமாக மட்டும் கையாளும்போது நேர்வது இது. 2007இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழே இதனைச் செய்தியாக்கியது. எவரும் திருத்தலாம் என்னும் கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளில் ஒரு பிழை சில நிமிடங்களில் நீங்கும். அதன் சின்னத்தில் இருந்த பிழையோ ஏழாண்டு நின்றது.

2010ஆம் ஆண்டில் மறுவடிவமைப்பு நிகழ்ந்தது. கோளம் முப்பரிமாண உருவாகப் புதிதாக அமைக்கப்பட்டு, எழுத்துகள் திருத்தப்பட்டன. கோளத்தின் கீழுள்ள பெயர் அதுவரை ஹோஃப்லர் டெக்ஸ்ட் என்னும் தனியுடைமை எழுத்துருவில் இருந்தது. அது இலினக்ஸ் லிபர்டைன் என்னும் கட்டற்ற எழுத்துருவுக்கு மாறியது. சிறிதாகத் தோன்றும் இம்மாற்றத்தை மறுவடிவமைப்பின் உயிர்நிலை எனலாம். நூற்றுக்கணக்கான மொழிகளின் தன்னார்வலர்கள் தத்தம் மொழியில் அப்பெயரை அமைக்க வேண்டும். விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவை அவர்களுக்கெல்லாம் பகிர இயலாது. கட்டற்ற எழுத்துருவைப் பகிரலாம். அவ்வெழுத்துருவில் தமிழ் இல்லை என்பதையும் நாம் இங்குக் கருத வேண்டும். இலத்தீன் வடிவத்திற்கு இசைந்த தமிழ் வடிவத்தைத் தேர்ந்து அமைக்கும் பொறுப்பு தமிழறிந்தவரிடமே வந்து சேர்கிறது.

இத்தனைக்குப் பின்னரும் சின்னத்தின் பதிப்புரிமை முழுதும் விக்கிமீடியா அறக்கட்டளையிடமே இருந்தது. கட்டற்ற படங்களை மட்டுமே ஏற்கும் விக்கிமீடியா பொதுவகத்தில், அறக்கட்டளையின் சொந்தச் சின்னங்கள் மட்டும் விதிவிலக்காக நின்றன. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சமூகத்தாரோடு கலந்தாய்ந்து எழுதிய புதிய வணிகக்குறிக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சின்னங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு - அதேபகிர்வு 3.0 உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன. வணிகக்குறி உரிமையை அறக்கட்டளை விட்டுவிடவில்லை. டெபியன் 2012இல் சென்றடைந்த இடத்தையே விக்கிப்பீடியாவும் சென்றடைந்தது. வெவ்வேறு வழியில் நடந்த இருவர் ஒரே துறையில் வந்து சேர்வது, அத்துறையின் பொருத்தத்திற்குச் சான்றாகும்.

தமிழ்ப் பணிகளும் மலேசியச் சட்டமும்

இவ்வரலாறு நமக்கு எவ்வாறு பொருந்துகிறது? மலேசியத் தமிழர் கணினித் தமிழுக்கு ஆற்றிய பணி சிறியதன்று. 2001ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் தமிழ் இணைய மாநாடுகள் கோலாலம்பூரில் நடைபெற்றன. மலேசிய அரசு 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருட் பெருந்திட்டத்தை வெளியிட்டது. எழுத்துரு, விசைப்பலகை, அகராதி, பள்ளிப் பயிற்சி மென்பொருள் எனத் தன்னார்வத்தால் எழும் பணிகளுக்கு இந்நாட்டில் இடமுண்டு.

தஞ்சோங் ரம்புத்தான் போன்ற ஓர் ஊரில் ஆசிரியர் சிலரும் இளைஞர் சிலரும் கூடி, தமிழ்ப்பள்ளி மாணவர்க்கான திறமூல மென்பொருள் ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். நிரலுக்குப் பொது உரிமம் இட அவர்கள் மறப்பதில்லை. சின்னத்தை நண்பர் ஒருவர் அன்பினால் வரைந்து தருகிறார். சில ஆண்டுகளில் நண்பர் வேறு ஊருக்குச் செல்கிறார்; தொடர்பு அறுகிறது. சின்னத்தில் எழுத்துப்பிழை ஒன்று தெரியவருகிறது. அல்லது கைப்பேசித் திரைக்கு ஏற்ப அதை மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றலாமா?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பொறுப்பு ஒப்படைத்துச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையாயின், செய்வித்தவரைச் சாரும் என 26ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அன்பளிப்பாகவோ போட்டிக்காகவோ வரைந்த படம் அவ்வாறு செய்விக்கப்பட்டதா என்பது வழக்கிற்குரியது. 27ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவதும் உரிமம் வழங்குவதும் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லுபடியாகா. வாய்மொழியாக 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது போதாது. மேலும், தம் படைப்பைத் தம் மதிப்புக்கு ஊறு நேரும் வகையில் பெரிதும் மாற்றுவதை எதிர்க்கும் அறவுரிமையை 25ஆம் பிரிவு படைப்பாளிக்கு வழங்குகிறது. வரைந்தவர் மறைந்த பின்னும் ஐம்பதாண்டு பதிப்புரிமை நீடிக்கும். எனவே ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிடாத அன்பளிப்பு, இரு தலைமுறைக்கு ஒரு பொதுப்பணியின் கையைக் கட்டிப்போடக்கூடும்.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு நெறிகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, சின்னம் ஏற்கப்படும் நாளிலேயே வரைந்தவரிடமிருந்து எழுத்துவழி உரிமம் பெறுதல். டக்சின் படைப்பாளி அளித்த ஒரு வரி இசைவும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் இதற்கு முன்மாதிரிகள். இரண்டாவது, படத்தோடு அதன் மூலக்கோப்பையும் பெறுதல். பெரிதாக்கினும் சிதையாத திசையன் வடிவில், கட்டற்ற எழுத்துருவைக் கொண்டு அமைந்த கோப்பு கையில் இருந்தால்தான் அடுத்து வருபவர் திருத்த இயலும். நிரலுக்கு மூலம் கேட்பவர் சின்னத்திற்கும் மூலம் கேட்க வேண்டும். மூன்றாவது, பெயரைப் பயன்படுத்தும் முறையைத் தனி ஆவணமாக எழுதுதல். மாற்றிய மென்பொருளுக்கு வேறு பெயர் இட வேண்டுமா, பள்ளிகள் கேளாமலே சின்னத்தை அச்சிடலாமா என்பன அதில் தெளிவாக அமைய வேண்டும். நான்காவது, பெயரின் உரிமையைத் தனி ஒருவரிடம் விடாது அமைப்பொன்றிடம் ஒப்படைத்தல். முகவர் ஊர் திரும்பினாலும் விலாசம் கடையில் நின்றது போன்ற ஏற்பாடு இது.

நான்காம் நெறிக்கு இன்றைய சட்டம் துணை நிற்கிறது. 1976ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரும் பயன்படுத்தத்தக்க கூட்டுக்குறியைப் பதிவு செய்ய இடமளிக்கிறது. தனியொருவர் உடைமைக்கும் காவலற்ற பொதுமைக்கும் இடைப்பட்ட வழி இது. பதிவு செலவுடையது, எல்லாப் பணிக்கும் வேண்டுவதன்று. ஆயினும் பலர் உழைப்பில் நிற்கும் பணியின் பெயர், உழைத்த அப்பலர்க்கும் உரியதாக நிற்கச் சட்டத்தில் வழியுண்டு என்பதை அறிந்திருத்தல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சின்னம் ஒன்றினுள் இரண்டு பொருள்கள் உறைகின்றன என்பது தெளிவாகிறது. ஒன்று வரைபடம்; மற்றொன்று வாக்குறுதி. வரைபடத்தை எத்தனை பேர்க்குக் கொடுத்தாலும் குறையாது. வாக்குறுதியை எல்லார்க்கும் கொடுத்துவிட்டால் அதைக் காப்பவர் எவரும் இரார். திறமூலப் பணிகள் இவ்விரண்டையும் ஒரே உரிமத்தால் ஆள முயன்ற காலமெல்லாம் பூசலும் முரண்பாடும் நேர்ந்தன. பதிப்புரிமையில் வரைபடத்தை விடுவித்து, வணிகக்குறியில் வாக்குறுதியைக் காத்தபோது அவை தெளிவு பெற்றன.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்கட்டியும் ரப்பர்ப் பொதியும் தாங்கிய முத்திரைகளில், அவற்றை விளைவித்த தமிழ்த் தொழிலாளர்க்கு இடமில்லாமற் போயிற்று. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று விசைப்பலகையின்முன் அமர்ந்து கூலி கருதாது ஆக்கும் பணிகளிலேனும் அந்நிலை மீண்டும் நேராதிருத்தல் வேண்டும். அதற்குச் சின்னம் வரையப்படும் நாளிலேயே யாருக்கு என்ன உரிமை என்பதை ஒரு தாளில் எழுதி, வரைந்தவரும் பெறுபவரும் ஒப்பமிட்டு வைத்தல் போதும். செட்டியார் கடைகள் சம்பளச் சீட்டு எழுதிய முறை நமக்குப் புதிதன்று. அதை நம் கணினிப் பணிகளுக்கும் கொண்டுவருதலே இனி நாம் செய்யவேண்டுவது.